ஞாயிற்றுக்கிழமை மதியம் யாருடையது?

கேள்வி: எனக்கு 42 வயது. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. மனைவி வங்கியில் இருக்கிறார். பெரியவள் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு போகிறாள், சின்னவன் நான்காவது. திங்கள் முதல் வியாழன் வரை இரவு பத்தரை வரை அமெரிக்கக் கால்கள். கோவாவில் அரை தூர டிரையத்லானை 7 மணி 40 நிமிடத்தில் முடித்தேன். இந்த ஆண்டு லங்காவியில் முழு தூரம் செய்ய ஆசை. கையில் இருக்கும் பயிற்சித் திட்டம் வாரம் 15 மணி நேரம் கேட்கிறது. மனைவி கேட்கிறார்: “அஞ்சு நாள் ஆபீஸ், ரெண்டு நாள் சைக்கிள். எங்களுக்கு எந்த நாள்?” என்ன பதில் சொல்வது?

– வாசகர், சென்னை

பதில்: உங்கள் மனைவி கேட்டிருப்பதுதான் சரியான கேள்வி. பயிற்சி அட்டவணையை அங்கிருந்துதான் போட ஆரம்பிக்க வேண்டும்.

முழு தூரம் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம், எல்லாவற்றுக்கும் சேர்த்து 17 மணி நேரம். தூரத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் இது வேலையை விட்டுவிட்டு வந்தவர்களின் விளையாட்டாகத் தொடங்கவில்லை. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓஹூ தீவில் நடந்த முதல் முழு தூரப் போட்டியில் இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அதற்கு வித்திட்டவர்கள் ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் என்ற தம்பதி. ஜான் அப்போது பணியில் இருந்த கடற்படை அதிகாரி. அவரும் அன்று போட்டியை முடித்தார், ஏறக்குறைய 17 மணி நேரத்தில்.

என் அனுபவத்தில், அரை தூரம் முடித்த ஒருவர் முழு தூரத்தை நல்லபடியாக முடிக்க வாரம் 9, 10 மணி நேரம் போதும். கடைசி இரண்டு மாதங்களில் சில வாரங்கள் மட்டும் 12, 13 ஆகும். பதினைந்து மணி நேரத் திட்டத்தை எடுத்து வைத்துவிடுங்கள். மூன்று வாரம் முழுதாகச் செய்து நான்காவது வாரம் காய்ச்சலில் படுப்பதைவிட, ஆறு மாதம் விடாமல் ஒன்பது மணி நேரம் செய்வது உடம்பில் தங்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என் முதல் முழு தூரப் பயிற்சியின்போது காலை பத்து மணிக்கே சைக்கிளோடு வீடு திரும்பிவிடுவேன். குடும்பத்துக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்று நம்பினேன். உண்மையில் பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு மாலை நான்கு வரை தூங்கினேன். பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று மனைவி அடக்கிக்கொண்டிருந்தார். ஐந்து மணி நேரம் என்று நான் கணக்குப் போட்ட பயிற்சி வீட்டிலிருந்து பதினோரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அந்த மதியத் தூக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் சைக்கிள் மேல் சரியாகச் சாப்பிடாததுதான். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். பேரீச்சை, கடலைமிட்டாய், சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாறு எல்லாம் உதவும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நம் ஊர் வியர்வைக்கு உப்பு தனியாகச் சேர்க்க வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பது ஆபத்து, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். கிளம்பும் முன்னும் திரும்பிய பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் குடித்ததற்கு மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் இழந்திருக்கிறீர்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு ஓட்டியவர் மதியம் பிள்ளைகளோடு கேரம் ஆட உட்கார முடியும்.

அடுத்து, நீண்ட சைக்கிளைச் சனிக்கிழமைக்கும் நீண்ட ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கும் வைப்பதுதான் எல்லோர் வழக்கம். அந்த ஓட்டத்தை வெள்ளிக்கிழமை காலைக்கு மாற்றுங்கள். வியாழன் இரவு கால் இருக்கிறது என்பதால், அன்று அலுவலகத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போக மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டாம். சனிக்கிழமை விடியலில் துணையோடு, முன்பின் விளக்கோடு ஈ.சி.ஆரில் கிளம்பினால், திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்புவது தொண்ணூறு கிலோமீட்டரைத் தொட்டுவிடும். பெரும்பாலான வாரங்களுக்கு அது போதும். ஐந்து மணி நேரத்துக்கு மேலான சவாரி மொத்தமே நாலைந்துதான் தேவை. ஞாயிறு முழு ஓய்வு. அன்று ஷூவைக்கூட வெளியே எடுக்காதீர்கள்.

பந்தய நாளில் பாதி நேரம் சைக்கிள் மேல்தான் போகும். அதனால் வீட்டில் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி, எதிரே பெரிய ஃபேன் வைத்து, வாரம் இரண்டு காலை ஒரு மணி நேரம் மிதியுங்கள். சின்னவன் ஹோம்வொர்க் சந்தேகத்தோடு வந்தால் இறங்கிப் பதில் சொல்லலாம். வெளியே போனவருக்கு அது முடியாது. நீச்சலுக்கு வாரம் இரண்டு முறை முக்கால் மணி நேரம் போதும்.

தூக்கத்தை மட்டும் தொடாதீர்கள். பத்தரைக்குக் கால் முடிந்து, பதினொன்றரைக்குப் படுத்து, நாலரைக்கு எழுபவருக்குப் பயிற்சி ஒட்டாது, எரிச்சல்தான் ஒட்டும். ஆறரை மணி நேரம் தூங்கவில்லையென்றால் அன்றைய பயிற்சி ரத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வேறு நாளில் ஈடுகட்டவும் வேண்டாம்.

காலண்டரை மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். லங்காவி போட்டி சமீப ஆண்டுகளில் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம் வாக்கில் வருகிறது. அப்படியானால் உச்சப் பயிற்சி செப்டம்பரில் விழும். பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வும், மனைவிக்கு வங்கியின் அரையாண்டுக் கணக்கு முடிப்பும் அதே செப்டம்பரில்தான். ஆகவே பெரிய சவாரிகளை ஆகஸ்டில் முடித்துவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் காலாண்டு விடுமுறைக்கு வையுங்கள். ஒருவேளை தள்ளிப்போட நினைத்தால், அடுத்த ஆண்டு மகளுக்குப் பத்தாம் வகுப்பு. அந்த ஆண்டு இதைத் தொடவே வேண்டாம். இந்த ஆண்டு மனைவி முழு மனதோடு சரி என்றால் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் இதய மருத்துவரிடம் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான், வயது 36. கோவா அரை தூரத்துக்கு வாரம் ஆறு மணி நேரம்தான் கிடைக்கிறது. காலையில் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. கடலில் நீந்தியதே இல்லை.

– வாசகி, கோவை

பதில்: ஆறு மணி நேரத்தில் முடிக்கலாம். சைக்கிளுக்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் ஒன்றரை ஒன்றரை. மாமியாரிடம் எந்தெந்தக் காலை, எத்தனை மணி வரை, எந்தத் தேதியோடு முடிகிறது என்று சொல்லிவிடுங்கள். முடிவு தெரியாத உதவிதான் செய்பவருக்குப் பாரம். சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள், இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓடத் தெம்பு இருந்தாலும்.

நீச்சல் குளத்தில் சுவரைத் தொடாமல் திரும்பி நீந்தப் பழகுங்கள். எட்டு கை வீச்சுக்கு ஒரு முறை தலையை லேசாக உயர்த்தி எதிரே ஒரு பொருளைப் பாருங்கள். கடலில் மிதவையைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. 1.9 கி.மீ. நீந்த 70 நிமிடம் தருவார்கள். குளத்தில் 60 நிமிடத்துக்குள் வந்தால் கவலை இல்லை. போட்டிக்கு இரண்டு நாள் முன்பே போய், பயிற்சி நீச்சலுக்கு ஏற்பாடு செய்யும் நேரத்தில், மற்றவர்களோடு சேர்ந்து பதினைந்து நிமிடம் கடலில் இறங்கிப் பாருங்கள். உப்பு நீர் உடம்பைத் தூக்கிப் பிடிப்பது அப்போது தெரியும். மாமியாரையும் குழந்தையையும் அழைத்துப் போக முடிந்தால், கரையில் அவர்கள் நிற்கட்டும்.