கணக்கு எழுதுவோம், கடையைக் காப்போம்

2020 மார்ச் 25. கொரோனா நோயைத் தடுக்க நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. பல கடைகள் மூடப்பட்டன. தொழிற்சாலைகள் நின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. சிறு வியாபாரிகள் மிகவும் துன்பப்பட்டனர்.

இப்படிப்பட்ட நேரத்தில் கடைக்காரர் மனத்தில் மூன்று கேள்விகள் எழும்.

எந்தச் சரக்கு விற்கும்?
எவ்வளவு வாங்கலாம்?
கைப்பணம் எத்தனை நாள் வரும்?

இதற்குப் பதில் தேட இன்று கணினி உதவுகிறது. பழைய விற்பனைக் கணக்குகளை அது ஆராய்கிறது. அடுத்த மாதம் எது எவ்வளவு விற்கும் என்று கணித்துச் சொல்கிறது. இதைச் செய்யும் திறனைச் செயற்கை நுண்ணறிவு என்கிறோம். தேவைக்கு மேல் சரக்கு வாங்காவிட்டால் பணம் முடங்காது. கடனும் வட்டியும் குறையும்.

ஆனால் கணினிக்கு எல்லாம் தெரியாது. 2020-இல் மக்களின் தேவை திடீரென மாறியது. சோப்பும் சானிடைசரும் கேட்டனர். புதுத்துணி வாங்கவில்லை. பழைய கணக்கில் இது இல்லை. அதனால் பல கணிப்புகள் தவறின. வாடிக்கையாளரின் நிலையை நேரில் அறிந்தவர் கடைக்காரரே. கணிப்பைக் கேட்கலாம். முடிவை அவரே எடுக்க வேண்டும்.

எழுதாத கணக்கைக் கணினியாலும் படிக்க முடியாது. வரவு, செலவு, கடன், இருப்பு நான்கையும் தினமும் எழுதுங்கள். நோட்டில் எழுதினாலும் போதும். நெருக்கடி வரும்போது அதுவே வழி காட்டும்.

பயிற்சி

1. ஊரடங்கு எந்த ஆண்டு தொடங்கியது?
2. கணினியின் கணிப்புகள் ஏன் தவறின?
3. உங்கள் இன்றைய வரவு செலவை எழுதுங்கள்.