பல் வைத்தியர் பாத்திமா ஜின்னா

மாணவர்களே, பாத்திமா ஜின்னா யார் என்று வினவினால், பாகிஸ்தானின் ஸ்தாபகர் முஹம்மத் அலி ஜின்னாவின் சகோதரி என்றே பலரும் எழுதுவர். அது பிழையன்று, ஆயினும் அரைகுறையான விடை. அரசியலுக்கு வருமுன்னரே அவர் பல் வைத்தியராகச் சொந்தக் காலில் நின்றவர்.

1893 இல் கராச்சியில் பிறந்த அவர், தந்தையார் காலமான பின் பம்பாயில் சட்டத்தரணியாயிருந்த மூத்த சகோதரரின் பொறுப்பில் வளர்ந்தார். முஸ்லிம் பெண்பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே சென்று படிப்பது அரிதாயிருந்த காலம் அது. உறவினரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, பாந்த்ராவிலிருந்த கன்னியர் மடப் பாடசாலை விடுதியில் சகோதரர் அவரைச் சேர்த்தார்.

பின்னர் அவர் கல்கத்தா சென்று, வைத்தியர் ரபியுத்தீன் அஹ்மத் நிறுவிய பல் மருத்துவக் கல்லூரியில் பயின்றார். இந்தியாவில் முதன்முதல் தோன்றிய பல் மருத்துவக் கல்லூரி அதுவே. 1923 இல் பம்பாய் அப்துர் ரஹ்மான் வீதியில் தமது சொந்தச் சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். அத்தோடு தோபி தலாவ் மாநகரச் சிகிச்சை நிலையத்தில் வறியோருக்கு இலவசமாகவும் பணியாற்றினார். பல் வைத்தியம் வாயைத் திறந்து காட்டிப் பெறவேண்டிய சிகிச்சை. அந்நிய ஆணிடம் செல்லத் தயங்கி வலியைப் பொறுத்துக்கொண்ட பெண்களுக்கு ஒரு பெண் வைத்தியர் எத்துணை ஆறுதல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

(உலகில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண் ஐக்கிய அமெரிக்காவின் லூசி ஹொப்ஸ். பெண் என்பதால் 1861 இல் ஒகையோ பல் மருத்துவக் கல்லூரி அவரை ஏற்க மறுத்தது. அவர் சளைக்காமல் தொழில் செய்துகாட்டி, 1866 இல் அதே கல்லூரியிலேயே பட்டம் பெற்றார்.)

1929 இல் ஜின்னாவின் மனைவி ரத்தன்பாய் காலமானார். பாத்திமா சிகிச்சை நிலையத்தை மூடிவிட்டுச் சகோதரரின் இல்லத்தைப் பொறுப்பேற்றார். இதனைத் தியாகம் என்று எழுதுவது எளிது. ஆறாண்டுகள் உழைத்துக் கட்டிய ஒரு பெண்ணின் தொழில் அத்துடன் நின்றுபோனதையும் விடையில் குறிப்பிட வேண்டும்.

1965 ஜனாதிபதித் தேர்தலில், தமது 71 ஆவது வயதில், அயூப் கானை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். 1967 இல் கராச்சியில் காலமானார்.

பயிற்சி:
1. பாத்திமா ஜின்னா கல்வி பெறுவதற்கு இருந்த தடை யாது? அது எவ்வாறு நீங்கியது?
2. 1929 இல் அவர் எடுத்த முடிவு பற்றிய உமது கருத்தைக் காரணங்காட்டி எழுதுக.