ஹார்மோன் அளவும் கருவின் வளமும்

இயல்பான மாதச் சுழற்சியில் சினைப்பையில் பல நுண்பைகள் வளரத் தொடங்கினும், பொதுவாக ஒன்றே முதிர்ந்து முட்டையை வெளியிடுகிறது. பிட்யூட்டரி சுரப்பி தரும் தூண்டு ஹார்மோன் ஏனையவற்றைப் பேணப் போதாமையே இதற்குக் காரணம். சோதனைக் குழாய் முறையில் அந்த ஹார்மோனை ஊசி வழியே கூடுதலாகச் செலுத்திப் பல முட்டைகளை ஒருங்கே முதிரச் செய்கின்றனர். எவ்வளவு செலுத்துவது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

கொல்கத்தாவின் முன்னோடி

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை, ஹார்மோன் ஊக்கமின்றிக் கிடைத்த ஒற்றை முட்டையிலிருந்து உருவானது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று பிறந்த குழந்தையைப் பற்றிக் கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் அறிவித்த முறை வேறு. அவர் ஹார்மோன் தந்து பல முட்டைகளைப் பெற்றார். கருவை உறையவைத்துக் காத்தார். பின்னர் வந்த இயல்பான சுழற்சியில் கருப்பையில் இட்டார். அவரது கூற்று அன்று ஏற்கப்படவில்லை. 1981இல் அவர் மறைந்தார். அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த அறிவியலாளர் டி.சி. ஆனந்தகுமார், 1997இல் அவரது முன்னோடிப் பணியை எடுத்துரைத்தார்.

அம்முறையின் பயன் இன்று தெளிவாகியுள்ளது. மிகுந்த ஊக்கத்தால் ஈஸ்ட்ரோஜன் உயரும்போது, கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கும் காலம் பிறழக்கூடும். கருவை உறையவைத்துப் பின்னர் இடுவது இத்தடையைத் தவிர்க்கிறது.

எண்ணிக்கையும் தரமும்

பிரிட்டனில் 1991 முதல் 2008 வரை நடந்த சுமார் 4 லட்சம் சிகிச்சைச் சுழற்சிகளின் ஆய்வு 2011இல் வெளியாயிற்று. முட்டைகள் ஏறக்குறைய 15 ஆகும் வரை குழந்தைப்பேற்று வாய்ப்பு உயர்ந்தது. 20க்கு மேல் குறைந்தது. நெதர்லாந்தில் 2007இல் வெளியான ஆய்வொன்று, 38 வயதுக்குட்பட்ட பெண்களிடையே மென்மையான ஊக்க முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டது. முன்னதில் முட்டைகள் குறைவாகவே கிடைத்தன. ஆயினும், குரோமோசோம் குறையற்ற கருக்கள் இரண்டிலும் சராசரியாக 1.8 என்ற அளவிலேயே இருந்தன. மிகுதியாகக் கிடைத்த முட்டைகள் நற்கருக்களைப் பெருக்கவில்லை.

தாயின் நலம்

சினைப்பை மிகையாகத் தூண்டப்படின் அது வீங்கும். குருதி நாளங்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும். குருதி உறைதலும் நேரலாம். கடுமையான நிலையில் உயிருக்கே இடர் உண்டு. எனவே வயது, உடல் எடை, சினைப்பையின் முட்டை இருப்பு ஆகியவற்றைக் கணித்தே ஒவ்வொருவருக்கும் மருந்தளவு வகுக்கப்படுகிறது.

முட்டை கொடையளிக்கும் பெண்ணுக்கும் இவ்விடர் உண்டு. ஆனால் குழந்தை அவருடையதன்று. ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே முட்டைக் கொடை அளிக்கலாம், 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது என 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் விதிக்கிறது. அவர்பால் அளவு மீறாதிருக்க இவ்வரம்பு துணை நிற்கிறது.