ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபின்

திடப்படுத்தல் எடுத்துவிட்டாய். பேராயர் தலையில் கை வைத்து ஜெபித்தார், முதல் நற்கருணையும் வாங்கிவிட்டாய். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேரப் போகிறாய். “இனிமே என்ன செய்யணும் தாத்தா?” என்று கேட்டாய். சபை ஐயர் திடப்படுத்தல் வகுப்பில் சொன்னதையே நானும் சொல்லப் போவதில்லை. விசுவாசப் பிரமாணம் உனக்கு மனப்பாடம். அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நம் நெல்லைச் சீமையில் சேகரக் கமிட்டியிலும் துக்க வீடுகளிலும் கண்டு பழகியதை எழுதுகிறேன், மக்கா.

1. கூலியை முதலில் கொடு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பெரியவர் ஒற்றை வாழைத்தாரை விடாப்பிடியாகக் கேட்டு, சந்தை விலையைப்போல் பல மடங்குக்கு எடுத்தார். கூட்டம் கை தட்டியது. அவர் தோட்டத்தில் களையெடுத்த பெண் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு வாரக் கூலி பாக்கி. கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்பது மோசேயின் சட்டம். ஏலத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உனக்குத் தோட்டம் கிடையாது. ஆனால் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும் இஸ்திரி போடுகிறவரும் இருப்பார்கள். அவர்கள் வாய் திறந்து கேட்கும்படி வைக்காதே. கேட்க வைத்துக் கொடுக்கிற காசில் பாதி மதிப்புப் போய்விடுகிறது.

2. யாருக்கு எந்தத் தம்ளரில் காப்பி போகிறது என்று பார். வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில், ஒரே பீடத்துக்கு முன்னால் சாதிக்காரர்களைப் பிரித்து நடுவே சுவர் நின்றது. 1910-இல் அதை இடித்தார்கள். அது நீதிமன்றம்வரை போனது. அவர்கள் கத்தோலிக்கர், நாம் சி.எஸ்.ஐ. என்று நாம் நெஞ்சை நிமிர்த்த வழியில்லை. ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும், தேங்காய் பறிக்க வந்தவருக்குப் புறவாசல் மாடத்திலிருந்து தனித் தம்ளர் எடுத்தவர்கள் நம் சபையிலும் இருந்தார்கள். நம் குடும்பத்திலும்தான். என் பெரியம்மா ஒருநாள் அந்தத் தம்ளரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டு, பெரியப்பா கேட்டபோது “காணலையே” என்றார். அன்று தேங்காய் பறிக்க வந்தவருக்கு வீட்டுத் தம்ளரில் காப்பி போனது. பெரியப்பா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியம்மா மூன்று நாளும் அவருக்குப் பிடித்த குழம்பையே வைத்தார். நான்காம் நாள் எல்லாம் சரியாயிற்று, தம்ளர் மட்டும் திரும்பி வரவில்லை. பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரசங்கம் கேட்டுவிட்டு அதைச் செய்து பார்த்தவர் எங்கள் வீட்டில் அவர்தான்.

கோயில் சுவரை இடித்தவர்கள் கல்யாணத் தரகரிடம் அதை மறுபடி கட்டிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். உனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, “கிறிஸ்தவப் பையன்தான் வேணும்” என்பதோடு பேச்சு நிற்கிறதா, பின்னால் தணிந்த குரலில் இன்னொரு வார்த்தை வருகிறதா என்று கவனி. வந்தால் எழுந்து பேசு. நான் இருந்தால் உன் பக்கம் நிற்பேன்.

3. துக்க வீட்டில் வாயை மூடிக்கொள், கையைத் திற. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பேசத் தொடங்கியபிறகுதான் எல்லாம் கெட்டது. “தேவ சித்தம்” என்று பறிகொடுத்தவர் சொல்லலாம், நீ சொல்லாதே. எங்கள் கோயில் பிள்ளை துக்க மணி அடித்துவிட்டு நேரே அந்த வீட்டுக்குப் போவார். முன்வாசலில் நிற்காமல் பின்கட்டுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார். சர்க்கரைக்காரர் யார், மாத்திரை போட்டாரா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரிப்பார். அடக்கம் முடிந்து சொந்தக்காரர் எல்லாம் பஸ் ஏறிய பிறகு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் போவார். இறப்புச் சான்றிதழ் வாங்கவும் ரேஷன் அட்டையில் பெயர் எடுக்கவும் அந்த விதவையோடு அலுவலகம் அலுவலகமாக நடப்பார். ஐயர் வந்து ஜெபிப்பதும் வேண்டும்தான். ஆனால் அந்த இரண்டாவது வாரத்தில் எட்டிப் பார்க்க ஆள் கிடைப்பதில்லை.

4. உற்றுப் பார். டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். அப்படித் தேறியவர்களில் சிலருக்கு இரவு படுத்து எழுந்தால் விரலில் சதை குறைந்திருந்தது. நோய் தின்கிறது என்று கையை விரித்திருக்கலாம். இரவில் காவல் இருந்து பார்த்தார்கள். எலி! உணர்ச்சி செத்த விரலை எலி கடித்தாலும் தூங்குகிறவருக்குத் தெரிவதில்லை. அதற்குப் பிறகு, வீடு திரும்புகிற நோயாளியோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். இரக்கம் என்றதும் நமக்குக் கண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. பூனை வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குக் கண்ணீர் உதவாது, இரவில் விழித்திருக்க வேண்டும். உன் விடுதியிலும் மாதம் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் “பசிக்கலை” என்று சொல்கிற பெண் இருப்பாள். தேதியைப் பார்.

5. அளவறிந்து செய். நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். தன் பயணத்தையும் விடவில்லை, அடிபட்டவனையும் விடவில்லை. எல்லாரையும் நானே தூக்குவேன் என்று கிளம்புகிறவர்கள் சீக்கிரமே சிடுசிடுப்பாகிவிடுகிறார்கள். நீயும் ஒரு சத்திரக்காரனைத் தேடிக்கொள்.

6. உதவிக்குள் தூண்டில் வைக்காதே. நம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு எடின்பரோ மிஷனரி மாநாட்டில், உங்கள் தியாகங்களுக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்ற கருத்தில் பேசினார். அவைக்குள் அது எல்லாருக்கும் இனிக்கவில்லை. கொடுக்கிறவர் மேலேயும் வாங்குகிறவர் கீழேயும் நிற்கும்வரை நட்பு வராது என்பது அவருக்கு அனுபவம். உன் அறைத்தோழிக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடு, கூடவே கைப்பிரதி கொடுக்காதே. அவளாகக் கேட்டால் ஒளிக்காமல் சொல். உனக்குக் காய்ச்சல் வரும்போது அவள் வைக்கிற கஞ்சியை மறுக்காமல் குடி. வாங்கத் தெரியாதவரிடமிருந்து வாங்குவது யாருக்கும் கூச்சம்.

7. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை பேசாதே. “அந்த வீட்டுப் பெண்ணுக்காக ஜெபிச்சுக்குங்க” என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் நாலு தெருவுக்குச் சேதி போய்விடும். அந்தக் காலத்தில் சேதிக்குக் கால் இருந்தது, இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. பெயர் கடவுளுக்குத் தெரியும், குழுவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

8. கொடுப்பதை முதலில் எடுத்து வை. நம் ஊர்ப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு, கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பஞ்ச காலத்தில் பிடி சிறுத்தது, நிற்கவில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் இல்லாமல் நம்மவர் காசிலேயே நம்மவரைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். செல்வச் சீமான்களை நம்பி எடுத்த முடிவல்ல அது. மாதக் கடைசியில் மிஞ்சுவதிலிருந்து கொடுக்கலாம் என்று இருந்தால் மிஞ்சாது. சம்பளம் கணக்கில் ஏறிய அன்றே பிரித்து வை. எவ்வளவு என்று உன் அப்பாவிடம் சொல்லாதே, கணக்கு கேட்பான். என்னிடமும் சொல்லாதே, நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடிப்பேன்.