கலகலா சுடுவோம், கடன் வாங்காமல்



டிசம்பர் பிறந்துவிட்டால் குமரி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, கலகலா என்று டின் டின்னாக நிறையும். சுட்டது வீட்டோடு நிற்காது. தீபாவளிக்கு நமக்குத் தட்டு கொடுத்து அனுப்பிய பக்கத்து வீட்டுக்கு நாமும் பதில் தட்டு அனுப்ப வேண்டும். இந்தத் தட்டை நிறைக்கத்தான் பல அக்காமார் கைமாத்து வாங்குகிறார்கள், வட்டிக்கு வாங்குகிறார்கள். "பலகாரச் சீட்டு" என்று தெரியாத ஆளிடம் மாசாமாசம் கட்டி, பண்டிகை நேரத்தில் அந்த ஆளைத் தேடி அலைந்த கதையும் நம் ஊர்களில் உண்டு.

தனித்தனியாகச் சுடுவதை விட்டு, குழுவாக ஒரே வீட்டில் ஒரே நாளில், பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு சுடலாமே! அதற்கான பாடம்தான் இது.

முதலில் காசு. ஜூலை முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும் ஆளுக்கு 20 ரூபாய் போடுவோம். 15 பேர் இருந்தால் வாரம் 300 ரூபாய். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் 24 வாரம் ஆகும், கையில் 7,200 ரூபாய் இருக்கும். இதைக் குழுவின் சேமிப்புக் கணக்கிலோ கடன் கணக்கிலோ கலக்கக் கூடாது. தனி நோட்டு, ஒவ்வொரு வரவுக்கும் கையெழுத்து. 20 ரூபாய் முடியாத உறுப்பினர் இருப்பார். அவர் 10 ரூபாய் போடட்டும், மீதிக்குத் தேங்காயோ விறகோ தரட்டும், இல்லாவிட்டால் மாவு இடிக்க வரட்டும். எதை எவ்வளவாக எடுத்துக்கொள்வது என்று ஜூலையிலேயே பேசி நோட்டில் எழுதிவிடுங்கள். டிசம்பரில் பேசினால் முகம் வாடும்.

நாள் குறிப்பது சுலபம். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் வைத்துக்கொள்ளலாம். முற்றம் உள்ள வீடாகப் பாருங்கள். குழுவில் எல்லா மதத்தாரும் இருப்போம். முட்டை சேர்க்காதவர்கள் இருந்தால் அவர்கள் பங்கை முதலில், புது எண்ணெயில் சுட்டு எடுத்து வைத்துவிடுங்கள். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துத் திரிக்கும் வேலை இருக்கிறது, அதை முந்தின நாளே முடிக்க வேண்டும். அச்சு முறுக்குக்கு அச்சை எண்ணெயிலேயே நன்றாகச் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பு வரை முக்கினால் முறுக்கு கழன்று வராது. அதைக் கை பழகிய பெரியவர்களே பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு ஏற்றது கலகலாதான்.

ஒரு கிலோ மைதா, 200 கிராம் பொடித்த சீனி, 100 கிராம் உருக்கிய நெய், அரை ஸ்பூன் உப்பு. நெய்யை மாவில் ஊற்றி விரலால் பிசறுங்கள். பிடித்தால் பிடி நிற்க வேண்டும். பிறகு கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவை விடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். இந்த அளவுக்கு ஒரு பெரிய தேங்காயின் பால் போதும். கோலிக்குண்டு அளவு உருட்டி, முள் கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டை விரலால் அழுத்திச் சுருட்டினால் வரி வரியாகச் சோழி போல வரும். முள் கரண்டி இல்லையென்றால் புதுச் சீப்பைக் கழுவிக் கொடுங்கள். பாதி மாவைத் தேய்த்து, நட்சத்திரம், பிறை, மணி என்று கத்தியால் வெட்டலாம். கோணல்மாணலாக வரும், வரட்டும்! பிள்ளைகள் தாங்கள் செய்ததைத்தான் முதலில் தேடி எடுப்பார்கள்.

அடுப்பில் தீ மிதமாக இருக்கட்டும். தீ கூடினால் மேலே சிவந்துவிடும், உள்ளே மாவு வேகாது. செய்தித்தாளில் எண்ணெய் வடிக்காதீர்கள், அச்சு மை பலகாரத்தில் ஏறும். சல்லடைக் கரண்டியும் வடிதட்டும் போதும்.

இனி அலங்காரம். சீனிப்பாகில் புரட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு எண்ணெயைப் போலவே சுடும். சோழிகளைப் பெரியவர்கள் பாகில் புரட்டுங்கள். வெட்டிய நட்சத்திரமும் மணியும் நன்றாக ஆறியபின் பிள்ளைகளுக்கு. ஒரு டம்ளர் பொடித்த சீனியைச் சலித்து, இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீரும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுக் குழையுங்கள், தோசை மாவை விடக் கெட்டியாக. புது பிளாஸ்டிக் கவரில் நிரப்பி, மூலையில் ஊசி அளவு வெட்டிப் பிதுக்கினால் கோடு விழும். புள்ளி வைக்கப் பல் குத்தும் குச்சி. இரண்டு மணி நேரம் காய்ந்தபிறகே அடுக்க வேண்டும்.

நிறத்தில் மட்டும் உஷாராக இருப்போம். சந்தையில் பேர் இல்லாத பொட்டலத்தில் விற்கும் ரோஸ் பொடி வேண்டாம். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைத் தமிழக அரசு ஏன் தடை செய்தது? துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் இருந்தது பரிசோதனையில் தெரிந்ததால்தான். நமக்குப் பீட்ரூட் சாறு இருக்கிறது, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை இருக்கிறது. கடை நிறம் போலப் பளிச்சென்று இருக்காது, இருந்தால் என்ன?

எண்ணெய் அடுப்பைச் சுற்றி ஒரு கோலக்கோடு போட்டு, அதற்குள் பிள்ளைகள் வரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கோட்டைக் காவல் காக்க ஒரு பாட்டி போதும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ மேலே பாயும். அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைப் பெரிய மூடியால் மூடுங்கள். யாருக்காவது சுட்டுவிட்டால், பேஸ்ட், மை, நெய் எதுவும் தடவாமல் சுட்ட இடத்தை 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளம் பெரிதானால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவசரத்துக்கு 108.

கடைசியில் பங்கு. இதில்தான் மனஸ்தாபம் வரும். பணம் அதிகம் போட்டவருக்கு அதிகம், பிள்ளை அதிகம் உள்ள வீட்டுக்கு அதிகம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எங்கள் கருத்து: ஆளுக்குச் சம பங்கு, தராசில் நிறுத்து, எல்லார் கண் முன்னாலும். வேலையாகப் பங்கு தந்தவருக்கும் அதே எடைதான். அவருக்கும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பத் தட்டு வேண்டும் அல்லவா? உடைந்ததெல்லாம் அன்றைக்கே பிள்ளைகள் கைக்கு. பாகு பூசியது காற்றுப் புகாத டின்னில் இரண்டு வாரம் தாங்கும், பிள்ளைகள் கோடு போட்டதை ஒரு வாரத்துக்குள் தின்று தீர்த்துவிடுங்கள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் செலவுக் கணக்கைச் சத்தமாக வாசித்து, மீதிப் பணத்தை அங்கேயே பிரித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, அந்த நோட்டை முடித்துவிடுங்கள்.