பழைய அறுவை மிஷின் வாங்குவோருக்கு

செட்டியார்பட்டிக்கு மேற்கே மலையை நோக்கிச் செல்லும் தென்னந்தோப்புகளிலும் மாந்தோப்புகளிலும், காய்ப்பு நின்ற மரத்தை வீழ்த்தித் துண்டு போட இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் ரம்பத்தையே நம்பியிருந்த காலம் போய், செயின் மிஷின் வந்து பல வருஷங்கள் ஆகிவிட்டபடியால், தொழிலை விடுகிறவர் விற்பதும் புதிதாக இறங்குகிறவர் வாங்குவதுமாகப் பழைய மிஷின்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. புதியதன் விலைக்கு அஞ்சிப் பழையதை நாடுவதில் குற்றமில்லை. வர்ணத்தையும் பெயரையும் கண்டு விலை பேசுவதுதான் குற்றம்.

கையில் இருப்பது இன்ன மிஷின் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். 1959-இல் ஜெர்மனியின் ஸ்டில் கம்பெனி வெளியிட்ட காண்ட்ராவின் வம்சத்தில் வந்த ‘070’, ஏறக்குறைய 105 சி.சி. கொள்ளளவோடு, பெருமரம் அறுப்போர் நெடுங்காலம் மதித்த யந்திரம். அதனாலேயே அதற்குப் போலிகளும் ஏராளம். ஸ்டிக்கரை எவரும் ஒட்டலாம். ஆகையால் உடம்பின் வார்ப்பிலேயே பெயர் எழும்பியிருக்கிறதா, தொடர் எண் உலோகத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்மூடியைக் கழற்றினால் சிலிண்டரில் ‘மாலே’ என்னும் ஜெர்மன் தயாரிப்பாளரின் முத்திரை கண்ணில் படுமானால் பெரும்பாலும் கவலையில்லை. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னாவில் பெயரே பாதி ஜாதகம்: 61 என்றால் 61 சி.சி., 272 என்றால் 72 சி.சி. பிற்காலத்து மிஷினாயின் தொடர் எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் வருஷத்தையும், அடுத்த இரண்டு அந்த வருஷத்து வாரத்தையும் சொல்லிவிடும்.

பரீட்சைக்குக் காலை வேளையே உகந்தது. போனவுடன் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய நிலையில் எளிதில் கிளம்பாத மிஷினை உங்களுக்காக முன்னரே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பிறகு, எவர் முகம் சுளித்தாலும், சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று போல்ட்டுதான். கயிற்றை மெல்ல இழுத்தால், அந்தத் துவாரத்தின் வழியே பிஸ்டன் ஏறி இறங்குவது தெரியும். டார்ச் வெளிச்சத்தில் அதன் மேனி வழவழப்பாக, உருவாக்கியபோது விழுந்த மெல்லிய கிடைக்கோடுகளோடு இருந்தால் ஆயுள் மிச்சமிருக்கிறது. நகத்தால் கீறினாற்போல் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடினால், பெட்ரோலில் டூ-டி ஆயில் குறைந்தோ காற்று புகுந்தோ அது ஒருமுறை இறுகி மீண்டது. இந்தச் சிறு சிரமத்தைச் சோம்பலால் தவிர்த்த நான் ஒருமுறை வாங்கிய மிஷின், இரண்டாம் நாளே ஒரு புளியமரத்தடியில் பாதி அறுவையோடு நின்று, வாங்கிய விலைக்குச் சற்றே குறைந்த தொகையை மெக்கானிக்கிடம் வைக்கச் செய்தது.

ப்ளக்கைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைத் திருகி, ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்தியபடி ஏழெட்டு முறை இழுத்தால், சாதாரண மிஷினில் முள் 150 பி.எஸ்.ஐ. அளவில் நிற்பது நலம். 120-க்குக் கீழே நின்றால் போர் செட் செலவை மனத்தில் வைத்தே பேசுங்கள். ‘070’ இயல்பாகவே குறைந்த அழுத்தத்தில் ஓடுவதால் அதை இந்த எண்ணால் தண்டிக்கக் கூடாது. கிளம்பியபின் மிஷினை இப்புறமும் அப்புறமும் சாய்க்கையில் ரேஸ் தானாக ஏறினால் காற்று உறிஞ்சுகிறது. பெரும்பாலும் கிராங்க் ஆயில் சீலின் வேலை. பாரும் செயினும் தேயும் சரக்கு; அவற்றைப் பெரிதாக எண்ண வேண்டாம். ஸ்ப்ராக்கெட் பல்லில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவே.

இனி விலை. அதே மாடல் நன்றாக ஓடும் நிலையில் இப்பக்கத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மெக்கானிக்குகளிடம் விசாரித்து, அதிலிருந்து நீங்கள் கண்ட பழுதுகளின் பாகவிலையையும் கூலியையும் கழித்தால் மிஞ்சுவதே நியாயமான விலை. எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதே வலுவுள்ள புது மிஷின் விலையில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். உதிரிபாகம் கிடைக்காத மாடலுக்குப் பழைய இரும்பின் விலைதான். ‘கஜாவுக்குப் போய் வந்த மிஷின்’ என்று யாரேனும் பெருமை பேசினால், 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டாவில் சாய்ந்த தென்னைகளை ஓய்வின்றி அறுத்தது என்றே அதற்கு அர்த்தம்; விலையைக் குறைத்துக் கேளுங்கள். வனக்குற்றத்தில் சிக்கிய கருவியை வனத்துறையினர் கைப்பற்றும் அதிகாரம் உடையவராதலால், மலையடிவாரத்தில் வாங்குகிறவர் பில்லோ எழுத்துமூலமான ரசீதோ இல்லாமல் வாங்கலாகாது.

ஒன்று மட்டும் மறவாதீர்கள்: பழைய ‘070’ மிஷின்களில் பெரும்பாலானவற்றுக்குச் செயின் பிரேக் கிடையாது. பார் நுனி மரத்தில் மோதித் துள்ளினால் அதை நிறுத்த உங்கள் கைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் புதிதாகத் தொழில் பழகும் பையனுக்கு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.