சைவமா என்று கேட்கிறார்கள், என்ன பதில் சொல்கிறோம்?



புரட்டாசி பிறந்துவிட்டால் நம் கடைகளின் வியாபாரப் போக்கே மாறிவிடும். முட்டை அட்டைகள் தேங்கும். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, அப்பளம், நெய் ஆகியவை வேகமாக நகரும். சனிக்கிழமைகளில் அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருபவர்கள் வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போவார்கள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு விரதம் இருப்போர், தைப்பூசத்துக்கு வடலூர் செல்வோர், தவக்காலத்தில் புலாலை ஒதுக்கும் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பங்கள் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு வீட்டில் சைவச் சமையல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2014ஆம் ஆண்டு மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எப்போதும் சைவம் மட்டுமே உண்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஆனால் நாள் பார்த்துச் சைவம் இருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு என்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும். இரு சாராருமே பொருளை வாங்கும்போது நம்மைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது சைவம்தானே?"

எங்கள் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பல ஆண்டுகளாக மாதச் சாமான் வாங்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், புரட்டாசி மாதத்தில் பேரனின் பிறந்த நாளுக்காகப் பாக்கெட் கேக் ஒன்றை எடுத்தார். பிறந்ததிலிருந்து முட்டை தொடாதவர். "முட்டை இல்லையே தம்பி?" என்று கேட்டார். நாங்கள் வேறொருவருக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். பாக்கெட்டைப் பார்க்காமலே "சைவம்தாங்கம்மா, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டோம். மறுநாள் காலி உறையோடு வந்தார். பழுப்பு நிறக் குறி அதில் தெளிவாக இருந்தது. "உங்க கடைன்னுதான் கண்ணாடி போட்டுப் பாக்காம வாங்கினேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று எங்களுக்கு நட்டம் ஒரு கேக்கின் விலை அல்ல. ஆகவே நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கே பாடமாகத் தொகுத்துத் தருகிறோம்.

1. ஏன் கேட்கிறார்கள்?

சிலருக்கு அது குலவழக்கம். சிலருக்கு விரதம். சிலருக்கு உயிரிரக்கம். திருக்குறளில் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி, பசித்தவருக்குச் சோறு இடுவதையும் உயிர்க்கொலை தவிர்ப்பதையும் ஒரே நெறியாகப் போதித்தார். இங்கிலாந்தில் 1944இல் ஒரு சிறு குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்று பால், வெண்ணெய், தேன் ஆகியவற்றையும் விலக்கும் சங்கம் கண்டனர். அந்த முறையே வீகன் எனப்படுகிறது. தமிழில் நனிசைவம் என்கிறார்கள். கன்றுக்கு உரிய பாலை நாம் எடுக்கலாகாது என்பது அவர்கள் வாதம். கறவை மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் ஊரில் இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் படிக்கப் போன பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது இந்தக் கேள்வியோடும் வருகிறார்கள்.

யார் கொள்கை சரி என்று தீர்ப்புச் சொல்வது கடைக்காரர் வேலை அல்ல. கறி உண்பவரும் நம் வாடிக்கையாளர்தான், உண்ணாதவரும் நம் வாடிக்கையாளர்தான். கேட்டவருக்கு உண்மையான பதிலைச் சொல்வதே நம் கடமை.

2. சட்டம் எதைச் சைவம் என்கிறது?

பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. நிறக்குருடு உள்ளவர்களால் பச்சையையும் பழுப்பையும் பிரித்தறிய முடியாது என்பதால், 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என மாற்றப்பட்டது. ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காமல் வடிவத்தையும் பார்க்கப் பழக வேண்டும்.

சட்டப்படி முட்டை அசைவம். பாலும் பால் பொருள்களும் தேனும் சைவம். எனவே பச்சைக் குறி உள்ள பிஸ்கட்டில் பால் பவுடர் இருக்கலாம். நனிசைவம் கேட்பவருக்குப் பச்சைக் குறியைக் காட்டி "இது ஆகும்" என்று சொல்லிவிடக் கூடாது. அதற்கென 2022ஆம் ஆண்டு தனி விதிமுறைகள் வந்துள்ளன. பச்சை நிறச் சதுரத்துக்குள் இலையோடு கூடிய ஆங்கில 'வி' எழுத்துதான் அதன் முத்திரை.

வெங்காயம், பூண்டு சேராத சமையலைக் கேட்பவர்களும் உண்டு. அதைப் பச்சைக் குறி சொல்லாது. மசாலாப் பொடியின் சேர்மானப் பட்டியலைப் படித்துத்தான் சொல்ல வேண்டும்.

3. எண்களுக்குப் பின்னால் இருப்பது

சேர்மானப் பட்டியலில் சில பொருள்கள் எண்ணாக இருக்கும். 120 என்பது ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். 631 என்பது சுவையூட்டி. அதை இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாவிலிருந்தும் எடுக்கலாம். 471 என்பதும் அப்படியே. தாவர எண்ணெயிலும் கிடைக்கும், விலங்குக் கொழுப்பிலும் கிடைக்கும். ஜெலட்டின் என்றிருந்தால் அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பு அல்லது மீனிலிருந்து வருவது.

எண்ணை மட்டும் பார்த்து எது எங்கிருந்து வந்தது என்று நம்மால் சொல்ல முடியாது. இதனால்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில், ஒரு பொருளின் சேர்மானம் எவ்வளவு சிறிய அளவானாலும் அது தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டதா என்பதை உற்பத்தியாளர் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம்மைப் பொறுத்தவரை குறி இல்லாத பாக்கெட்டைக் கொள்முதல் செய்யாமல் இருப்பதே நல்லது.

4. உதிரிச் சரக்கு

பெரிய சிக்கல் இங்கேதான். டின்னில் வரும் முறுக்கு, ரஸ்க், கேக் துண்டு, பேக்கரி பிஸ்கட் ஆகியவற்றைப் பாட்டிலில் கொட்டிவிட்டால் குறி போய்விடும். வாடிக்கையாளர் நம் வாயைத்தான் நம்ப வேண்டும். எனவே மூன்று பழக்கங்கள் வேண்டும்.

முதலாவது, போடுபவரிடம் கேளுங்கள்: முட்டை சேர்கிறதா? எந்த எண்ணெய்? அதே சட்டியில் வேறு எதுவும் பொரிக்கிறீர்களா? பதிலைப் பாட்டிலின் மேல் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது, ரசீது இல்லாமல் சரக்கு எடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, விற்றவர் கொடுக்கும் பில்லே உத்தரவாதமாகக் கொள்ளப்படும். யார் செய்தது என்று காட்ட முடியாத பொருளுக்கும், தவறான லேபிள் உள்ள பொருளுக்கும் விற்பவரையும் பொறுப்பாக்குகிறது 27ஆம் பிரிவு. லேபிள் குற்றத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

மூன்றாவது, கருவாடும் முட்டையும் விற்பவர்கள் அவற்றுக்குத் தனி மூலை, தனித் தராசுத் தட்டு, தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். கருவாடு தொட்ட கையோடு பொட்டுக்கடலை அள்ளினால் வாங்குபவர் வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார்.

5. வியாபார வாய்ப்பு

சைவமும் நனிசைவமும் கேட்பவருக்கு விலை உயர்ந்த புதிய பொருள்கள்தான் வேண்டும் என்பதில்லை. நம் மண்ணிலேயே சரக்கு இருக்கிறது. பெரம்பலூரின் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும், செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரியும், நிலக்கடலை, கம்பு, எள், உளுந்தும் எல்லா வீட்டுக்கும் ஆகும். தானியமும் பருப்பும் சேர்ந்தால் புரதக் குறை இராது. பாலுக்குப் பதில் தேங்காய்ப் பாலையும், ஊறவைத்து அரைத்த முந்திரியையும் நம் பாட்டிமார் காலத்திலிருந்தே பயன்படுத்துகிறோம். புரட்டாசி, தைப்பூசம், தவக்காலம் வருவதற்கு முன்பே இவற்றை ஒரே அலமாரியில் எடுத்து வைத்தால் கேட்பவருக்கும் எளிது, எடுத்துக் கொடுக்கும் பையனுக்கும் எளிது.

ஒரு எச்சரிக்கை. பி12 என்னும் வைட்டமின் தாவர உணவில் இயற்கையாகக் கிடைப்பதில்லை. பாலையும் விட்டவர்கள் அதற்கு மருத்துவரைக் கேட்க வேண்டும். "இதைச் சாப்பிட்டால் எல்லாம் வந்துவிடும்" என்று சொல்லி எந்த மாவையும் பொடியையும் விற்காதீர்கள்.

6. கடைப் பையன்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

"தெரியலைங்க, பார்த்துச் சொல்றேன்." இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. எங்கள் கடையில் வேலைக்குச் சேரும் பையனுக்கு விலைப்பட்டியலுக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். பார்த்த பிறகும் தெரியாவிட்டால் "தெரியலைங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பாக்கெட் விற்காமல் போகும், அவ்வளவுதான்.

சிந்திக்கச் சில வினாக்கள்: உங்கள் கடையில் குறி இல்லாத பொருள்கள் எத்தனை? உதிரிப் பாட்டில்களில் எவற்றில் முட்டை சேர்ந்திருக்கிறது என்று உடனே சொல்ல முடியுமா? கருவாட்டுத் தராசில் வேறு எதையாவது நிறுக்கிறீர்களா? நீங்கள் இல்லாத நேரத்தில் "சைவமா?" என்று கேட்டால் கடையில் இருப்பவர் என்ன சொல்வார்? இந்த வாரமே ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

டீச்சரம்மா சில மாதங்கள் கழித்து மறுபடியும் எங்கள் கடைக்கு வரத் தொடங்கினார். பழைய கோபம் இல்லை. வீட்டு நலம் விசாரிக்கிறார், பேரன் படிப்பைப் பற்றிச் சொல்கிறார். ஆனால் இப்போது கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்த பிறகுதான் கூடையில் போடுகிறார்.